15ஆவது வருஷ கோல்ஃப் பயணம்: எட்டுப் பேர், ஒரு முழங்கால், எந்த மைதானம்?

#1 பித்தளைச்சொம்பு (கோவை)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது யோசனை கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எட்டுப் பேர், ஒரே காலேஜ் ஹாஸ்டல். 2011 பிப்ரவரியில் தொடங்கிய பழக்கம். கொரோனாவால் 2021 மட்டும் போகவில்லை, மற்றபடி ஒரு வருஷமும் விட்டதில்லை. வியாழன் ராத்திரி கிளம்பினால் ஞாயிறு ராத்திரி வீடு. மூன்று ரவுண்டு கோல்ஃப், விடிய விடிய சீட்டு, ஒரு பித்தளைச் சொம்பு.

சொம்பு கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் கொடைக்கானல் போகும்போது கோப்பை வாங்க மறந்துவிட்டோம். பழனியில் டீ குடிக்க நிறுத்திய இடத்துக்கு எதிரே பாத்திரக்கடை. அரை லிட்டர் சொம்பு ஒன்று வாங்கினோம். ஜெயித்தவன் இனிஷியலையும் வருஷத்தையும் அதில் வெட்டுவது வழக்கமாகிவிட்டது, சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அதே உளி, அதே எழுத்து. இதுவரை 14 தடவை வெட்டியாகிவிட்டது. வயிற்றுப் பக்கம் நிரம்பி, இனிக் கழுத்துதான் பாக்கி. ஜெயித்தவனை அந்த வருஷம் முழுக்க ‘சொம்பு தூக்கி’ என்றுதான் கூப்பிடுவோம். அதற்குப் பயந்தே கடைசிக் குழியில் சொதப்புகிறவர்கள் உண்டு.

இதுவரை ஊட்டி ஐந்து தடவை, கொடைக்கானல் நான்கு, குன்னூர் பக்கத்து வெலிங்டன் இரண்டு, நுவரெலியா இரண்டு, மூணாறு ஒன்று.

எனக்குப் பிடித்தது ஊட்டி. நல்ல மைதானம் என்பதற்காக அல்ல, ஏமாற்றுகிற மைதானம் என்பதற்காக. மேட்டுக்கு அந்தப் பக்கம் கொடி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கேடி (பை தூக்கி வழி காட்டுகிறவர்) கையைக் காட்டுகிற திசையில் அடித்துவிட்டு நடக்க வேண்டியதுதான். ஓரமெல்லாம் மஞ்சள் பூப் பூக்கும் கார்ஸ் முட்புதர். பந்து உள்ளே போனால் போனதுதான், கையை விட்டால் ரத்தம்.

ஒரு தடவை காலை ஆறே முக்காலுக்குப் போய் நின்றோம். புல் முழுக்க உப்புக் கொட்டினாற்போல் உறைபனி. எங்களில் ஒருவன் ஆசைப்பட்டு நாலடி உள்ளே நடந்துவிட்டான். கிரீன் (குழியைச் சுற்றிய ஒட்டவெட்டிய புல்தரை) பார்க்கிறவர் கத்திய கத்தலில் ஊரே எழுந்திருக்கும். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் அவன் ஷூ தடம் அப்படியே கறுத்துக் கிடந்தது. உறைந்த புல்லை மிதித்தால் இலை உடைந்து செத்துவிடுமாம். ஒன்பது மணிவரை வெயிலுக்காகக் காத்திருந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்களில் ஒருவனுக்கு மூட்டுத் தேய்மானம். போன வருஷம் ஊட்டியில் பதின்மூன்றாவது குழியோடு உட்கார்ந்துவிட்டான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ‘செல்லில் சார்ஜ் இல்லை, ரூமுக்குப் போறேன்’ என்றான். இந்த வருஷம் ‘நான் வரலை, ஆபீஸ் வேலை’ என்கிறான். ஆபீஸே அவனுடையதுதான்.

அவனும் ஆடுகிற மாதிரி ஒரு மைதானம் சொல்லுங்கள். பிப்ரவரி. மலை என்றால் நல்லது, கட்டாயமில்லை.

#2 மூணுபுட்_முருகு (வேளச்சேரி)

உறைபனித் தடம் கறுப்பது உண்மை. நானும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முழங்கால் என்றால் மலையை விட்டு இறங்குங்கள் தலைவரே. உங்கள் ஊர் செட்டிபாளையம் மைதானம் போதாதா? பக்கியில் (மைதானத்துக்குள் ஓடும் சின்ன வண்டி) ஏற்றி உட்காரவைத்துவிடலாம்.

எங்கள் கதை வேறு. கிண்டி ரேஸ் மைதானத்துக்குள் இருந்த கோல்ஃப் மைதானத்தில்தான் நான் கேடிகளிடம் ஆட்டம் கற்றேன். 2024 செப்டம்பரில் ரேஸ் கிளப் குத்தகையை ரத்து செய்து அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. அப்புறம் மழைநீர் தேங்க அங்கே குளம் வெட்டினார்கள். குளம் வெட்டியதில் எனக்கு வருத்தமில்லை, என் தெருவில் டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர் நின்றதைப் பார்த்தவன் நான். இருந்தாலும் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த இடம்தான் ஞாபகம் வரும்.

#3 பித்தளைச்சொம்பு

முருகு சார், செட்டிபாளையத்தில் மாசம் இரண்டு தடவை ஆடுகிறோம். அது பயணம் ஆகாதே. மாலை ஆறானால் ‘பையனை டியூஷனிலிருந்து கூட்டி வரணும்’ என்று போன் வந்துவிடும்.

#4 குறிஞ்சிக்காடு (கொடைக்கானல்)

கொடைக்கு நான்கு தடவைதானா? உள்ளூர்க்காரன் என்ற முறையில் கண்டனம்.

எங்கள் கிளப் 1895இல் தொடங்கியது. ஊட்டி போல முள் குத்தாது. ஆனால் காட்டெருமை நிற்கும். ஃபேர்வே (குழிக்குப் போகும் புல் பாதை) நடுவில் ஆறேழு மேய்ந்துகொண்டிருக்கும். விரட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது, செல்ஃபி எடுக்கப் போகவே கூடாது. அவை நகரும்வரை நிற்க வேண்டும். ‘மேய்ச்சல் முடியட்டும் சார்’ என்று கேடி உட்கார்ந்துவிட்டால் நீங்களும் உட்காருங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு விதியும் சொல்லிவைக்கிறேன். நின்றிருந்த பந்தை விலங்கு நகர்த்திவிட்டால் அபராதம் கிடையாது, பழைய இடத்திலேயே வைத்து ஆட வேண்டும். பந்து கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆபத்தான விலங்கு நின்றால் வேறு இடத்தில் பந்தை டிராப் செய்யவும் (கையிலிருந்து கீழே விடவும்) விதியில் இடமுண்டு. கிரீனில் குளம்பு பதிந்திருந்தால் 2019 விதி மாற்றத்துக்குப் பிறகு அதைச் சரிசெய்துகொண்டு புட் பண்ணலாம் (குழிக்குள் உருட்டலாம்). அதற்கு முன்னால் அந்தக் குழிக்குள் பந்து இறங்கி ஏறி, நாங்கள் பட்ட பாடு!

முழங்கால் பற்றி ஒன்று. ஏற்றத்தைவிட இறக்கம்தான் மூட்டைக் கொல்லும். கொடையில் இரண்டும் உண்டு. பக்கி கிடைக்குமா என்று கிளப்பில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

#5 சும்மா_எட்டிப்பார்த்தேன்

தப்பாக நினைக்காதீர்கள். மலையில் ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கிறார்கள். எட்டுப் பேர் பந்து அடிக்க நூறு ஏக்கருக்கு மேல் புல் வளர்க்க வேண்டுமா? வெள்ளைக்காரன் விட்டுப்போன பொழுதுபோக்கு. கபடி ஆடினால் முழங்காலுக்கும் நல்லது. :)

#6 பித்தளைச்சொம்பு

கபடி ஆடித்தான் சார் அவன் முழங்கால் போனது. இன்டர் காலேஜ் செமிஃபைனல்.

தண்ணீர் பற்றிச் சொன்னது நியாயம்தான். என்னிடம் அதற்குச் சுத்தமான பதில் கிடையாது. ஆடுகிறவன் என்பதால் ஒரு மைதானம் போய் அங்கே ரிசார்ட் வருவதைவிட மைதானமே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. அது என் சௌகரியத்துக்கு நான் சொல்லிக்கொள்வதாகவும் இருக்கலாம்.

#7 லயத்துப்பையன் (நுவரெலியா)

வணக்கம் அண்ணா. நுவரெலியாவுக்கு இரண்டு முறை வந்தும் அதைப்பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே!

எங்கள் கோல்ஃப் கிளப் 1889இல் ஆரம்பித்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர். விசேஷம் என்னவென்றால் அது ஊருக்கு வெளியே இல்லை, டவுனுக்கு நடுவிலேயே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வரலாம். பீதுருதாலகாலை மலை மேலே நிற்கும். இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், நடுவில் ஒடுக்கமான பாதை. தூரம் அடிக்கிறவருக்கு இங்கே மரியாதை இல்லை, நேராக அடிக்கிறவருக்குத்தான்.

என் மாமா இங்கே கேடியாக இருந்தவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ‘கேடி தமிழ் கதைக்கிறாரே’ என்று ஆச்சரியப்படுவார்களாம். மாமா சிரிப்பார். ‘தோட்ட வேலைக்கு வந்து 200 வருஷம் ஆகப் போகுது, இவங்களுக்கு இப்பதான் தெரியுது’ என்பார்.

உங்கள் சிநேகிதருக்கு ஒரு வழி. அவர் முதல் ஒன்பது குழி ஆடட்டும். முடியாவிட்டால் ஹோட்டல் அறைக்குப் போக வாகனம்கூட வேண்டாம், அவ்வளவு கிட்ட. கொழும்பிலிருந்து ரயிலில் நானுஓயாவில் இறங்கலாம். கோல்ஃப் பையோடு ஏறினால் எல்லோரும் அது என்ன வாத்தியம் என்று கேட்பார்கள்.

#8 மூணுபுட்_முருகு

வாத்தியமா! :)

கொழும்பு வழியாகப் போகிறவர்கள் ராயல் கொழும்பு கிளப்பில் ஒரு ரவுண்டு ஆடிவிட்டுப் போங்கள். 1879இல் தொடங்கியது. களனிவெளி ரயில் பாதை மைதானத்துக்குள்ளேயே போகிறது. நான் டிரைவர் மட்டையை ஓங்கும்போது ரயில் வந்தது. ஜன்னல் ஜன்னலாக முகம். கையை இறக்கிவிட்டு நின்றேன். கடைசிப் பெட்டியில் ஒரு பையன் ‘அடிங்க அங்கிள்’ என்று சைகை காட்டினான். ரயில் போனதும் அடித்தேன், நேராகத் தண்ணீருக்குள். நல்லவேளை, அவன் பார்க்கவில்லை.

பக்கி கட்டாயம் வேண்டும் என்றால் கண்டிக்குப் பக்கத்தில் விக்டோரியா. டொனால்டு ஸ்டீல் வடிவமைத்தது, 1999இல் திறந்தது. நீர்த்தேக்கக் கரை, தென்னை, தூரத்தில் மலை. பார் 73, அதாவது பதினெட்டுக் குழியையும் 73 அடியில் முடிப்பது கணக்கு. நான் போன மைதானங்களிலேயே அழகானது அதுதான், ஊட்டி ரசிகர்கள் மன்னிக்கவும்.

#9 ஜுரோங்_சேகர் (சிங்கப்பூர்)

எட்டிப்பார்த்தேன் சார் கேட்டதற்கு எங்கள் ஊர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. கெப்பல் கிளப்புக்குப் பழைய இடத்துக் குத்தகை 2021 கடைசியில் முடிந்தது. மரினா பே மைதானம் 2024இல் மூடியாச்சு. அங்கெல்லாம் அடுக்குவீடு வரப்போகிறது. வீடு முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் இப்போது சனிக்கிழமை விடியற்காலையில் பாஸ்போர்ட்டோடு மலேசியாவின் ஜொகூர் போய் ஆடிவிட்டு, பாலத்தில் நான்கு மணி நேரம் நெரிசலில் நின்று திரும்புகிறோம். வருஷாந்திரப் பயணம் கேமரன் மலைக்கு. தானா ராத்தா பக்கத்து மைதானம் சுமார் ரகம்தான், குளிருக்காகப் போவது.

சந்தேகம் ஒன்று. மலையில் பந்து அதிக தூரம் போகிறதே, அது பிரமையா?

#10 மூணுபுட்_முருகு

பிரமை இல்லை. உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும், பந்துக்குத் தடையும் குறையும். 7,000 அடி உயரத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு கூடுதலாகப் போகும். இங்கே 150 யார்டு போகிற அடி ஊட்டியில் 160ஐத் தாண்டும். காலைக் குளிரில் பந்து இறுகிக் கொஞ்சம் குறையும், அது தனிக் கணக்கு.

இன்னொரு லாபமும் உண்டு. சுழலும் பந்தை வளைப்பதும் காற்றுதானே. காற்று மெலிந்தால் வளைவும் குறையும். என்னைப் போல ஸ்லைஸ் (வலப்பக்கம் வளைகிற அடி) அடிக்கிறவனுக்கு மலை ஒரு வரம். மூன்று நாள் நேராக அடித்து, கர்வத்தோடு சென்னைக்கு இறங்கினால் திங்கட்கிழமையே பந்து வலப்பக்கம் பறக்கும்.

#11 கடலோரக்கார்ஸ் (ஃபைஃப், ஸ்காட்லாந்து)

என் பெயரில் இருக்கிற கார்ஸ்தான் ஊட்டியில் உங்கள் கையைக் கிழித்த கார்ஸ். இங்கே அது சொந்த மண்ணின் செடி. நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுபோனார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் அதே மஞ்சள் பூவைப் பார்த்து எனக்கு ஊட்டி ஃபிங்கர்போஸ்ட் ஞாபகம் வந்துவிட்டது, தலைகீழாக.

இங்கே பிடித்த விஷயம், செயின்ட் ஆண்ட்ரூஸின் ‘ஓல்டு கோர்ஸ்’ என்கிற பழைய மைதானம் ஊருக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. அன்றைக்கு ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு பதினெட்டாவது குழி மேலேயே உலாவுவார்கள். இடம் பிடிக்கப் பெரும்பாலோர் குலுக்கலில் பெயர் போட வேண்டும். எனக்கு ஆறாவது தடவைதான் விழுந்தது. அங்கே ஏழு கிரீன் இரட்டைக் கிரீன், இரண்டு குழிக்கு ஒரே புல்தரை. சேர்ந்திருக்கும் இரண்டு குழி எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். நான் மூன்றாவது குழிக்கு அடித்தது பதினைந்தாவது கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கிருந்து புட் பண்ணியது ஒரு பஸ் நிறுத்த தூரம் இருக்கும்.

பித்தளைச்சொம்பு, நீங்கள் மைதானத்தை மாற்றப் பார்க்கிறீர்கள். ஆட்டத்தை மாற்றிப் பார்த்தீர்களா? எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள்?

#12 பித்தளைச்சொம்பு

ஸ்டேபிள்ஃபோர்டு. குழிக்குக் குழி புள்ளி: போகி (பாருக்கு ஓரடி கூட) ஒன்று, பார் இரண்டு, பர்டி (ஓரடி குறைய) மூன்று. எங்களுக்குள் ஹேண்டிகேப் (திறமைக்கேற்ற சலுகை அடி) ஒன்பதிலிருந்து இருபத்தெட்டு வரை இருப்பதால் அதுதான் சரிப்பட்டது. ஒரு குழியில் பத்து அடித்தாலும் பூஜ்யத்தோடு போய்விடும், மானம் மிஞ்சும்.

#13 கடலோரக்கார்ஸ்

அப்படியென்றால் ஒரு நாளாவது ஃபோர்சம்ஸ் ஆடுங்கள். இருவர் ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிப்பது. இங்கே வயதானவர்கள் இன்னும் இதைத்தான் விரும்பி ஆடுகிறார்கள். மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

டீ ஷாட்டை, அதாவது குழியின் முதல் அடியை, ஒருவர் ஒற்றைப்படைக் குழிகளிலும் மற்றவர் இரட்டைப்படையிலும் அடிக்க வேண்டும். யாருக்கு எது என்பதைத் தொடங்கும் முன் ஜோடியே முடிவு செய்யலாம். ஸ்கோர் கார்டையும் மைதானத்தையும் வைத்துக்கொண்டு, எந்த டீ (முதல் அடி அடிக்கும் இடம்) மேட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஏறி இறங்க வேண்டிய டீக்களைக் கால் நன்றாக உள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும். மற்றவர் மேடு ஏறாமல் முன்னாலேயே போய் ஃபேர்வே ஓரம் நிற்கலாம். அடிப்பதும் பாதி, ஏறுவதும் பாதி. சலுகை கொடுத்த மாதிரியும் தெரியாது.

#14 குறிஞ்சிக்காடு

இதை நான் யோசிக்கவே இல்லை. அருமை.

பயணத்துக்கு ஒரு தகவல். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வேண்டும், உயர்நீதிமன்ற உத்தரவு. கிளம்பும் முன் வலைத்தளத்தில் வாங்கிவிடுங்கள். சோதனைச்சாவடியில் சிக்னல் தேடி நிற்கிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

அறைப் பதிவையும் உறுதி செய்துகொள்ளுங்கள். போன சீசனில் என் விருந்தாளிகளுக்கு ஒரு விடுதி முன்பணம் வாங்கிக்கொண்டு, வந்து இறங்கிய பிறகு ரூம் இல்லை என்றது. ராத்திரி பத்தரைக்கு என் வீட்டு ஹாலில் ஆறு பேர், ஆறு கோல்ஃப் பை.

#15 செவன்_அயர்ன் (திருப்பூர்)

அந்த முழங்கால் நான்தான்.

டேய் சொம்பு, நான் இந்தத் தளத்தில் உறுப்பினர் என்று உனக்குத் தெரியாதா? 2016இலிருந்து இருக்கிறேன். உன் பெயரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உலகத்தில் வேறு எவன் இந்தப் பெயர் வைப்பான்?

முதலில் திருத்தம். பதின்மூன்றாவது குழி இல்லை, பதினான்காவது. பதின்மூன்றில் நான் பார் அடித்தேன். உனக்கு ஏழு.

இரண்டாவது, செல்லில் நிஜமாகவே சார்ஜ் இல்லை. முழங்காலிலும் இல்லை.

டாக்டர் ஆடாதே என்று சொல்லவில்லை. இறக்கத்தில் பார்த்து நட, எடையைக் குறை என்றார். நான் வரவில்லை என்றதற்குக் காரணம் அது இல்லை. போன வருஷம் பதினான்காவது குழிக்கு அப்புறம் நீங்கள் ஏழு பேரும் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என் பின்னாலேயே ரூமுக்கு வந்து, சீட்டைக் கலைத்துப் போட்டு, என்னை நான்கு ஆட்டம் வேண்டுமென்றே ஜெயிக்கவிட்டீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள். இந்த வருஷமும் அப்படி என்றால் நான் திருப்பூரிலேயே இருந்துகொள்கிறேன்.

விக்டோரியா, பக்கி, தென்னைமரம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அறுபதுக்கு அப்புறம் போவோம். நுவரெலியா அடுத்த வருஷம், லயத்துப்பையன் தம்பி, உங்கள் மாமாவை நேரில் பார்க்க வேண்டும்.

இந்த வருஷம் கொடை. முதல் ரவுண்டு ஆடிய இடம். என் பந்துக்குப் பக்கத்தில் காட்டெருமை படுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் எழுந்திருக்காமல், பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே விட்டது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குழியை இன்னும் நான் முடிக்கவில்லை.

ஃபைஃப் அண்ணா சொன்ன ஃபோர்சம்ஸ் சம்மதம். ஒரு நாள் மட்டும் இல்லை, மூன்று நாளும்.

#16 மூணுபுட்_முருகு

இந்த இழைக்கு ஐந்து நட்சத்திரம்.

#17 பித்தளைச்சொம்பு

டேய்.

சரி, சீட்டு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். மூன்று ஆட்டம்தான் விட்டுக்கொடுத்தோம், நான்காவது நீயே ஜெயித்தது.

கொடை முடிவு. குரூப்பில் போட்டேன், ஐந்து பேர் ஓகே சொல்லிவிட்டார்கள். ஒருவன் மட்டும், ஜோடி ஜெயித்தால் சொம்பு யார் வீட்டில் இருக்கும் என்று கேட்கிறான்.

#18 சும்மா_எட்டிப்பார்த்தேன்

ஆளுக்கு ஆறு மாசம். கழுத்தில் இரண்டு இனிஷியல் வெட்ட இடம் இருக்கிறதா பாருங்கள்.

நான் இன்னும் கபடி கட்சிதான்.

#19 பித்தளைச்சொம்பு

அளந்து பார்த்தேன், சின்ன எழுத்து என்றால் கழுத்தைச் சுற்றி இன்னும் ஆறேழு வருஷம் தாங்கும். பழனியில் அதே கடைக்காரர் இருக்கிறார்.

@செவன்_அயர்ன், நீ என்னோடு ஜோடி. குறிஞ்சிக்காடு அண்ணா டீக்களை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, எதெல்லாம் மேடு என்று எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அது வந்ததும் உனக்கு ஒற்றையா இரட்டையா என்று முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

#20 செவன்_அயர்ன்

அவர் லிஸ்ட் வரட்டும், பார்க்கிறேன். ஆனால் எனக்கு ஒற்றை. முதல் அடி நான்தான் அடிப்பேன்.